கிண்ணம் வைக்கும் கையைக் கடிக்கும் முயல்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். வீட்டில் எட்டு மாதப் பெண் முயல் ஒன்று இருக்கிறது. பெயர் பஞ்சு, எடை இரண்டு கிலோ. குட்டியாக வாங்கி வந்தபோது மடியிலேயே கிடக்கும். இப்போது இரண்டு மாதமாகத் தீவனக் கிண்ணத்தோடு கூண்டுக்குள் கை விட்டாலே உறுமிக்கொண்டு பாய்கிறது, முன்னங்காலால் அடிக்கிறது. போன வாரம் என் ஒன்பது வயது மகன் கம்பி ஓரமாக விரலை வைத்தபோது கடித்து ரத்தம் வந்துவிட்டது. சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி பெல்லட்டும் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) ஒரு கேரட்டும் கொடுக்கிறோம். புல் கிடைத்தால் போடுவோம். பகலில் மாமியார் கம்பி வழியாக பிஸ்கட் கொடுப்பார். கூண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. “மூக்கில் ரெண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும்” என்கிறார் வீட்டுக்காரர். “ஒரு ஈத்து போட்டால் சாந்தமாகிவிடும்” என்கிறார் மாமியார். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: அம்மா, இரண்டு யோசனையும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கடி இல்லை, “புல் கிடைத்தால் போடுவோம்” என்ற வரிதான்.

முயல் வேளைக்கு வேளை சாப்பிடும் பிராணி இல்லை. ஒரு நாளில் இருபது முப்பது தடவை கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்காக ஏற்பட்ட வயிறு அது. பஞ்சுவுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, ஒரே கிண்ணத்தில், ஒரே மூலையில் சாப்பாடு வருகிறது. பெல்லட் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். அடுத்த ஆறு மணி வரை மெல்ல ஒன்றும் இல்லை. அப்படி இருக்கும்போது அந்தக் கிண்ணம் அதற்கு உலகத்திலேயே விலை உயர்ந்த பொருளாகிவிடுகிறது. அதைக் காவல் காப்பதில் வியப்பே இல்லை. ஆகவே பழக்குவதற்கு முன்னால் தீவன ஏற்பாட்டை மாற்றுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் மாதக் கணக்கில் கடி வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இருபத்து நான்கு மணி நேரமும் கூண்டில் உலர்ந்த புல் இருக்க வேண்டும். கடையில் விற்கும் திமோதி புல் நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கும். நம் ஊரில் அதற்கு ஈடாக அருகம்புல்லே போதும். ஒரு கிலோ பச்சைப் புல்லை நிழலில் பரப்பிக் காயவைத்தால் முந்நூறு கிராம் அளவுக்குத் தேறும். நம் வெயில் காலத்தில் ஒரே நாளில் காய்ந்துவிடும், மற்ற மாதங்களில் இரண்டு மூன்று நாள் ஆகும். கையில் எடுத்து முறுக்கினால் ஈரம் தெரியாமல் சலசலக்க வேண்டும், புல் வாசனை போகாமல் இருக்க வேண்டும். புளித்த வாசனை வந்தால் மாட்டுக்குப் போடலாம் என்றுகூட நினைக்காதீர்கள், குப்பையில் போடுங்கள். எங்கே அறுக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரத்துப் புல் வேண்டாம். பூச்சிமருந்து அடித்த வரப்புப் புல்லும், தெருநாய் நடமாடும் ரோட்டோரப் புல்லும் வேண்டாம்.

நம் மாவட்டத்தில் நிலக்கடலைக் கொடி தாராளமாகக் கிடைக்கும், முயலும் ஆசையாகத் தின்னும். ஆனால் அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளர்ந்த முயலுக்கு அதை முழு உணவாக வைக்கக் கூடாது. அருகம்புல்லோடு கலந்து ஒரு சிறு கைப்பிடி போதும். மழையில் நனைந்து காய்ந்த கொடியில் கறுப்புப் புள்ளியோ சாம்பல் பூசணமோ இருந்தால் அந்தக் கட்டையே ஒதுக்குங்கள். கடலைப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாடாக அதை நம்பாதீர்கள், அதில் சத்து குறைவு.

பெல்லட் அளவை இனி கைப்பிடியில் எடுக்காதீர்கள், தராசில் நிறுங்கள். உங்கள் கைப்பிடியும் வீட்டுக்காரர் கைப்பிடியும் ஒன்றாக இருக்காது. இரண்டு கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு நாற்பது கிராம் என்பது மேல் வரம்பு. அதையும் ஒரே வேளையில் கொடுக்காமல் காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து என்று பிரியுங்கள். மிச்சம் பத்து கிராம் பயிற்சிக்கு. இப்போது இதைவிட அதிகமாகக் கொடுத்து வந்திருந்தால் ஒரே நாளில் வெட்டாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள், புல் தின்பது கூடக் கூட பெல்லட் குறையட்டும். பச்சைக்குக் கொத்தமல்லி, புதினா, கல்யாண முருங்கை இலை இவற்றில் காலை ஒரு கைப்பிடி, மாலை ஒரு கைப்பிடி. முருங்கைக்கீரை வாரத்தில் இரண்டு நாள் போதும். இதுவரை பழகாத கீரையை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுச் சேருங்கள். புழுக்கை இளகினால் அந்தக் கீரையை நிறுத்திவிடுங்கள். கேரட்டில் இனிப்பு அதிகம், கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு, அதுவும் வாரத்தில் ஓரிரு நாள். பிஸ்கட் இன்றோடு நிறுத்தம். இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் நமக்குப் பெருமை, முயலுக்கு அந்தச் செடியின் இலையும் தண்டும் ஆகாது. தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலையும் அப்படியே. வெங்காயம், பூண்டு பக்கமே விடாதீர்கள்.

பட்டினி போட்டுப் பணிய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம். அது உயிர் போகும் அவசரம், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இனி கடிக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் இரண்டு வேறு வேறு கடிகள் கலந்திருக்கின்றன. உங்களை நோக்கிப் பாய்வது காவல். காது இரண்டும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், வால் நிமிர்ந்திருக்கும், உடம்பு விறைக்கும், உறுமல் வரும். மகனுக்கு விழுந்த கடி அநேகமாக அது இல்லை. முயலுக்கு மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலும் பின்னாலும் நன்றாகப் பார்க்கும், மூக்கடியில் இருப்பதை மோப்பத்தாலும் மீசையாலும் உதட்டாலும்தான் அறியும். தினமும் கம்பி வழியாக உள்ளே வரும் விரலில் பிஸ்கட் இருக்கிறது என்று அது பாடம் படித்துவிட்டது. மகனின் விரல் வந்தது, வாசனையும் ஒத்துப்போயிற்று, கடித்துப் பார்த்தது. அதனால் கம்பி வழியாக யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. மாமியார் மனம் வருந்தாமல் இருக்க, காலையில் கீரையைத் தூவும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கொடுத்துப் பழகிய கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா.

காவல் கடிக்கும் கண்ணின் அமைப்பு ஒரு காரணம். முன்கதவு வழியாக, தரையோடு, மூக்குக்கு நேரே கிண்ணத்தைத் தள்ளுகிறீர்கள். முயலுக்குப் பின்னால் சுவர், ஓட வழியில்லை. தெரியாத இடத்திலிருந்து ஒரு கை திடீரென்று முளைக்கிறது. மூக்கில் தட்டினால் நடப்பது இதுதான்: கை வந்தால் வலிக்கும் என்ற சந்தேகம் உறுதியாகிவிடும். அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். உறுமல் என்பது நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை, அதை அடித்து அணைத்துவிடக் கூடாது. தண்ணீர் தெளிப்பதும் இதே கதைதான்.

முதல் இரண்டு வாரம் பயிற்சியே வேண்டாம், பாயும் சந்தர்ப்பத்தை மட்டும் இல்லாமல் செய்யுங்கள். ஒவ்வொரு தடவை பாய்ந்து வெற்றி பெறும்போதும் பழக்கம் ஊறுகிறது. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், பஞ்சு தானாக வெளியே வரட்டும். அது கூடத்தில் உலவும்போது கூண்டைச் சுத்தம் செய்து, புல் நிரப்பி, பெல்லட்டைப் புல்லுக்குள் தூவிவிடுங்கள். கிண்ணமே வேண்டாம். தேடித் தேடித் தின்னட்டும், அரை மணி நேரம் வேலை ஆகும், காவல் காக்க ஒரு மூலையும் இருக்காது. வெளியே விட முடியாத நாளுக்கு ஒன்றரை அடி நீளத்தில் இரண்டங்குல பிவிசி பைப் ஒன்றை வெட்டி, கூண்டின் மேல்பக்கக் கம்பியில் ஒரு கட்டத்தை அகற்றிச் செருகிவிடுங்கள். வெளியிலிருந்து தீவனம் கொட்டலாம். பைப்பின் விளிம்பையும் வெட்டிய கம்பி முனையையும் அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். பைப்பின் நுனி அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் நிற்கட்டும், எட்டினால் பிளாஸ்டிக்கைக் கொறித்துவிடும். தண்ணீருக்குக் கனமான மண்சட்டி நல்லது, கவிழாது, வெயிலில் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

கூண்டின் அடியில் வெறும் கம்பி இருந்தால் அதன் மேல் கோரைப்பாய்த் துண்டு போடுங்கள். பாதம் புண்ணாகி வலியோடு இருக்கும் முயலும் எரிந்து விழும். மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. முயலுக்கு வியர்க்காது, முப்பது டிகிரிக்கு மேலேயே அதற்குத் திண்டாட்டம். வேலூரின் மே மாதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், படுக்கத் தரை ஓடு (டைல்) ஒன்று இரண்டு கொடுங்கள். வெயில் எரிச்சலில் பாயும் முயலைப் பயிற்சியால் திருத்த முடியாது.

மூன்றாவது வாரம் பயிற்சியைத் தொடங்குங்கள். முயல் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. பிற்பகலில் தூங்கும் முயலை எழுப்பிப் பாடம் நடத்தாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள், சமையல் வாசனை இருக்கக் கூடாது. கூண்டுக்கு வெளியே, கூடத்துத் தரையில், அதற்குப் பக்கவாட்டில் நான்கடி தள்ளி உட்காருங்கள். நேருக்கு நேர் வேண்டாம். நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டக்’ என்று ஒரு சத்தம் எழுப்பி, உடனே ஒரு பெல்லட்டை அதன் பக்கம் உருட்டிவிடுங்கள். சத்தம் முதலில், தீனி ஒரு நொடி கழித்து. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் சத்தத்துக்கு அர்த்தம் வராது. ஒரு அமர்வில் பத்துப் பதினைந்து முறை. சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பித் தீனியைத் தேடினால் அந்தப் பாடம் முடிந்தது.

அடுத்தது பாய். ஒன்றரை அடிக்கு ஒரு அடி கோரைப்பாய்த் துண்டு ஒன்றைத் தரையில் விரியுங்கள். பஞ்சு அதில் ஒரு கால் வைத்தாலும் ‘டக்’, பெல்லட்டைப் பாயின் மேல் போடுங்கள். பிறகு இரண்டு கால் வைத்தால்தான், பிறகு நான்கு காலும் வைத்தால்தான். நான்கு காலும் பாயில் இருக்கும்போது இரண்டு நொடி காத்திருந்து கொடுங்கள், நாளடைவில் அதைப் பத்து நொடியாக நீட்டுங்கள். இதற்கு ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பாய் நன்றாகப் பழகிய பிறகு அதைக் கூண்டுக்குள், கிண்ணம் வைக்கும் இடத்துக்கு எதிர் மூலையில் போடுங்கள். இனி சாப்பாடு வைக்கும் முறை இப்படி: அது பாய்க்குப் போகும், பாயின் மேல் ஒரு பெல்லட் விழும், அது அதைத் தின்னும்போது நீங்கள் கிண்ணத்தை எதிர் மூலையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவீர்கள். கை வந்தால் பாயைத் தேடி ஓட வேண்டும் என்று பழகிய முயலுக்குக் கையை நோக்கிப் பாய வேலை இல்லை. நான் சொல்லும் எல்லாவற்றிலும் எதையாவது ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பாயைச் செய்யுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான். முயல் பாய்கிறது, நாம் ‘ஆ’ என்று கையை வெடுக்கென்று இழுக்கிறோம். அதற்குப் பாய்ந்தால் கை போய்விடும் என்று புரிகிறது. அல்லது பாய்ந்த பிறகு சமாதானப்படுத்த ஒரு கொத்தமல்லி நீட்டுகிறோம். பாய்ந்தால் கொத்தமல்லி வரும் என்று புரிகிறது. இரண்டுமே வேண்டாம். பாய்ந்தால் கை அங்கேயே அசையாமல் இருக்கட்டும், பேச்சும் வேண்டாம். அது பின்வாங்கிய பிறகு மெதுவாகக் கையை எடுங்கள், அன்றைய அமர்வை அத்தோடு முடித்துவிட்டு மறுநாள் ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். கையை அசைக்காமல் வைக்கத் தைரியம் வர, முழங்கை வரை தடித்த சட்டைக் கையும் தோல் கையுறையும் போட்டுக்கொள்ளலாம். ராணிப்பேட்டை பக்கத்திலேயே இருக்கும் நமக்குத் தோல் கையுறைக்குப் பஞ்சமில்லை. புதுக் கையுறையில் பதனிட்ட தோலின் நெடி தூக்கும், நான்கைந்து நாள் காற்றாட வைத்து, புல்லுக்குள் புதைத்தெடுத்துப் போடுங்கள். முயல் பாய்வதை நிறுத்திய பிறகு கையுறையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வெறும் கை மறுபடி அந்நியப் பொருளாகத் தோன்றும்.

பாய் பழகிய பிறகு கைக்கு வாருங்கள். நீளக் காம்புள்ள கொத்தமல்லியின் அடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து இலை நுனியை நீட்டுங்கள். முதலில் காம்பு முழு நீளம், நாளுக்கு ஒரு விரற்கடை குறையட்டும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுபறி விளையாட்டு வேண்டாம். கையருகே நிதானமாகத் தின்கிறது என்றால் மறு கையைப் பக்கவாட்டில் உயர்த்திக் கொண்டுவந்து நெற்றியில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, மெல்ல வையுங்கள். முகவாய்க்கு அடியில் கை கொண்டுபோகாதீர்கள், அங்கேதான் அதற்குப் பார்வை இல்லை. நெற்றியில் கை பட்டதும் தலையைத் தரையோடு தாழ்த்தினால் வருடச் சொல்கிறது என்று பொருள். கடைசிப் படி, அது கிண்ணத்தில் தின்னும்போது பக்கத்தில் கையைக் கொண்டுபோய் இன்னும் நல்ல ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வருவது. கை வந்தால் கிண்ணத்தில் கூடும், குறையாது. பழகிவிட்டதா என்று சோதிக்கக் கிண்ணத்தை எடுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எடுக்காதீர்கள். கிண்ணத்தைக் கழுவ வேண்டும் என்றால் முயல் வெளியே இருக்கும்போது எடுங்கள்.

மகன் முதல் இரண்டு மாதம் பார்வையாளர்தான். ‘டக்’ சத்தத்தை அவன் செய்து, தூரத்திலிருந்து பெல்லட் உருட்டலாம். அதற்கு மேல் நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும், ஒருவர் விதிவிலக்கு என்றால் முயல் அவரைத்தான் பாடமாக எடுத்துக்கொள்ளும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். போன வாரம் கேட்கவில்லை என்றால் இன்றே கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் முயல் கடித்ததற்கு வெறிநோய் ஊசி அரிதாகவே தேவைப்படும், இருந்தாலும் தெருநாயோ பூனையோ கூண்டருகே வந்ததுண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்வதற்கு முன் ஒரு தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரும், கடைவாய்ப் பல்லும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். புல் மெல்லாத முயலுக்குக் கடைவாய்ப் பல் முள்போல் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். தாடை ஈரமாக இருப்பது, கீரையை வாயில் எடுத்துவிட்டுப் போடுவது, கிண்ணத்துக்கு ஓடி வந்து முகர்ந்துவிட்டுத் தின்னாமல் நிற்பது இதெல்லாம் அதன் அறிகுறி. முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று விடாமல், கடைவாய்ப் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கை: நாய்க்கு உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முயலுக்குப் போடக் கூடாது. வாய்வழி அமாக்ஸிசிலினும் முயலுக்கு ஆகாது, குடலைக் கெடுத்துவிடும்.

இப்போது மாமியாரின் யோசனை. பஞ்சுவின் குணம் மாறியது ஆறாவது மாதத்தில், அதாவது பருவத்துக்கு வந்த நேரத்தில். அந்த அளவுக்கு அவர் கணிப்பு சரி. ஆனால் ஈன்ற முயல் குட்டிகளுக்காக இன்னும் மூர்க்கமாகக் காவல் காக்கும், முப்பத்தொரு நாளில் ஆறேழு குட்டிகளும் உங்கள் பொறுப்பில் வந்து சேரும். இணை சேராமலே பொய்ச் சினையும் வரும். வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு அலைந்தால், மார்பு முடியைப் பிய்த்துக் கூடு கட்டினால், பதினாறு பதினெட்டு நாள் அதைத் தொந்தரவு செய்யாமல் பயிற்சியை நிறுத்தி வையுங்கள், கூட்டையும் கலைக்காதீர்கள்.

தீவனம் மாறி, பயிற்சியும் ஆறு வாரம் ஓடி, பாய்ச்சல் குறையவே இல்லை என்றால் கருப்பை, சினைப்பையை எடுக்கும் அறுவையை யோசியுங்கள். எட்டு மாதம் அதற்கு ஏற்ற வயதுதான். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்று சகஜமாக வரும், அந்தக் கவலையும் தீரும். நாய்க்குச் செய்த அனுபவம் மட்டும் போதாது, முயலுக்குச் செய்து பழகிய மருத்துவரா என்று கேளுங்கள். “முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடுங்கள்” என்று சொன்னால் அவருக்கு முயல் பழக்கமில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். முயலுக்கு வாந்தி வராது, ஆகவே அறுவைக்குக் கிட்டத்தட்ட கடைசி வரை புல் இருக்க வேண்டும். வலி மருந்து எத்தனை நாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலூரில் ஆள் அமையவில்லை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அதிகாலையில் கிளம்புங்கள், கூடையில் நிறையப் புல்லும், துணி சுற்றிய ஐஸ் பாட்டிலும், அது படுத்துப் பழகிய பாய்த் துண்டும் இருக்கட்டும். அறுவைக்குப் பிறகு உடம்பில் உள்ள ஹார்மோன் அடங்க ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். அதுவரை பழைய குணம் தெரிந்தால் அறுவை வீண் என்று எண்ண வேண்டாம், பாயையும் ‘டக்’ சத்தத்தையும் விடாமல் நடத்துங்கள்.